சின்ன காருக்கு சைக்கிள் ரேக்: பின்னால் வருகிறவனைக் கேட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் போய், ஈசிஆரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்புவது நல்ல பழக்கம். அதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆட்சேபணை எல்லாம் சைக்கிளைக் காரில் எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான்.

"சின்ன கார்தானே? டிக்கியில் பட்டை போட்டு மாட்டுகிற ரேக் வாங்கு. விலை குறைவு, ஸ்பேனர் வேண்டாம், அஞ்சு நிமிஷ வேலை." யாரைக் கேட்டாலும் இதே பதில். என்னைக் கேட்டால், ஆல்ட்டோ, க்விட் மாதிரி வண்டிகளுக்கு வாங்கவே கூடாத ரேக் அதுதான்!

ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆல்ட்டோ கே10 அகலம் 149 செ.மீ. ஒரகடத்தில் தயாரான க்விட் கொஞ்சம் பெரிசு, சுமார் 158 செ.மீ. பெரியவர்கள் ஓட்டுகிற சைக்கிள் நீளம் ஏறக்குறைய 175 செ.மீ. குறுக்காகத் தொங்கவிட்டால் ஆல்ட்டோவில் பக்கத்துக்கு 13 செ.மீ. சக்கரம் வெளியே நீட்டும். "சைடு கண்ணாடியும்தானே நீட்டுது?" என்பீர்கள். கண்ணாடி முன்னால் இருக்கிறது, ஓட்டுகிறவர் கண்ணில் படுகிறது. சக்கரம் பின்னால் இருக்கிறது, அவர் அதை மறந்தே போகிறார்.

இதே வண்டி காந்தி ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் இடுக்கில் புகுந்து வருகிற டூவீலர்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் தெருவோரமாகப் பாவு நீட்டி வைத்திருப்பார்கள். ஒரு பெடல் அதில் மாட்டினால் அறுந்து போவது ஒரு நெசவாளர் குடும்பத்தின் பல நாள் உழைப்பு. காரை ஓட்டியவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அடுத்தது விளக்கு. சின்ன காரில் பின்பக்கம் இருக்கிற இடமே கொஞ்சம். அதில் இரண்டு சைக்கிளைத் தொங்கவிட்டால் சக்கரமும் ஹேண்டில்பாரும் நேராக பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மேல்தான் வந்து நிற்கும். பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் பட்டு மூட்டையோடு வருகிறவருக்கு, நீங்கள் பிரேக் போட்டது சைக்கிள் கம்பி முகத்துக்கு நேரே வந்தபிறகுதான் தெரியும். உங்களுக்கு பம்பரில் ஒரு கீறல். அவருக்கு?

"வெளிநாட்டில் எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்." பாதி உண்மை. பிரிட்டனில் ரேக் நம்பர் பிளேட்டை மறைத்தால் ரேக்கிலேயே இன்னொரு பிளேட் மாட்ட வேண்டும். பின்விளக்கு மறைந்தால் அதற்கென்றே விளக்குப் பலகை வைக்க வேண்டும். நாம் ரேக்கை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம், கூட வந்த ஒழுங்கை அங்கேயே விட்டுவிட்டோம். இங்கே 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கழற்ற முடியாத பூட்டோடு வருகிறது. ரேக்குக்கென்று மூன்றாவதாக ஒன்று தருவதில்லை.

"போலீஸ் பிடிக்கிறதில்லையே?" பிடிக்காமல் இருப்பது வேறு, ஆபத்து இல்லாமல் இருப்பது வேறு.

சரி, கூரை மேல்? பழைய அம்பாசடரில் கூரை ஓரத்து விளிம்பைக் கவ்விக்கொண்டு கேரியர் உட்காரும். இன்றைய சின்ன கார்களில் அந்த விளிம்பு இல்லை. சிலவற்றில் தெரிகிற கூரைக் கம்பி வெறும் அலங்காரம். உங்கள் மாடலுக்கென்றே செய்த குறுக்குக் கம்பி வேண்டும், செலவு கூடும். கூரை தாங்கும் எடை பல சின்ன கார்களில் 50 கிலோ அளவுதான், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் சைக்கிள் ஒன்று சுமார் 15 கிலோ. ரேக் எடையையும் சேர்த்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிமிர்த்தி வைத்தால் மொத்த உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டும். வீட்டு போர்ட்டிகோ, சென்னை மால் பார்க்கிங், தாழ்ந்த கேபிள் எல்லாம் இடிக்கும். தேர் வந்தால் கரண்ட்டை நிறுத்துவார்கள், உங்கள் சைக்கிளுக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள் :-)

ஆனாலும் பட்டை ரேக்கை விட இது நூறு மடங்கு மேல். ஏனென்றால் ஒழுங்காக இறுக்கிக் கட்டினால் விளக்கு தெரியும், நம்பர் தெரியும், பக்கத்தில் எதுவும் நீட்டாது. இடித்தாலும் முதல் நஷ்டம் உங்களுக்குத்தான், தெருவில் போகிறவனுக்கு இல்லை. அதுதான் நியாயம்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, காசே வேண்டாம். பின் சீட்டை மடக்குங்கள். முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். செயின் பக்கம் மேலே இருக்கிற மாதிரி படுக்க வைத்து, அடியில் பழைய வேட்டி ஒன்றை விரியுங்கள். ஒரு சைக்கிள் வசதியாகப் போகும், கொஞ்சம் மெனக்கெட்டால் இரண்டுகூடப் போகும். பிரேக் போட்டால் முன்னால் பாயாமல் கயிற்றால் கட்டிவிடுங்கள். நாலு பேர், நாலு சைக்கிளா? சின்ன காரைப் போட்டு வதைக்காதீர்கள். ஒரு குட்டி யானையைப் பிடித்து வாடகையைப் பங்கு போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டை ரேக்தான் வேண்டும் என்றால், கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சைக்கிளை மாட்டச் சொல்லி, நண்பரை பிரேக் மிதிக்கச் சொல்லி, நீங்கள் இருபது அடி பின்னால் போய் நில்லுங்கள். மூன்று பக்கமிருந்தும் பாருங்கள். சிவப்பு விளக்கு முழுசாகத் தெரிகிறதா? நம்பரைப் படிக்க முடிகிறதா? சக்கரம் எவ்வளவு நீட்டுகிறது? ஏதாவது ஒன்று இடறினால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.

விலை, வசதி, கீறல் விழுமா, மைலேஜ் குறையுமா என்று ரேக் வாங்கும்போது நாம் கேட்கிற கேள்வி எல்லாம் நம்மைப் பற்றியதே. ரேக் தொங்குவதோ பின்னால் வருகிறவன் முகத்துக்கு நேரே. முதலில் கேட்க வேண்டியது அவனை.