வென்றவன் கையில் பந்து. தோற்றவன் கையில் சாவி!

36க்கு 35! ஒரே ஒரு புள்ளி! கைதிகள் வென்றார்கள், காவலர்கள் தோற்றார்கள். கொட்டகை அதிர்கிறது, கைதட்டல் வானைப் பிளக்கிறது. படம் முடிகிறது, பார்த்தவன் பூரிப்போடு வீடு திரும்புகிறான். அவன் வீடு திரும்பட்டும். வென்ற கைதி எங்கே திரும்புகிறான்? அதே கொட்டடிக்கு! அதே பூட்டுக்கு!

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி லாங்கஸ்ட் யார்ட்’ எனும் படத்தைத்தான் சொல்கிறேன். இயக்கியவர் ராபர்ட் ஆல்ட்ரிச். நாயகன் பர்ட் ரெனால்ட்ஸ். ஆட்டத்தின் பெயர் கால்பந்து. ஆனால் அமெரிக்கர் ஆடும் அந்த ஆட்டத்தில், பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையில் ஏந்தி ஓடுவதே அதிகம். சிறைத் தலைவன் தன் காவலர்களைக் கொண்டு ஓர் ஆட்டக் குழு வைத்திருக்கிறான். அக்குழு பயிற்சி பெறவேண்டும். மோதி மிதிக்க உடல்கள் வேண்டும். யார் உடல் மலிவு? கைதியின் உடல்தான்! பேர்பெற்ற ஆட்டக்காரனாயிருந்து சிறைப்பட்ட நாயகன், கைதிகளைத் திரட்டிக் களத்தில் இறக்குகிறான். இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் கோல்டன் குளோப் பரிசும் இப்படத்துக்குக் கிடைத்தது.

“சிரிப்புப் படந்தானே, இதற்கேன் இத்தனைச் சீற்றம்?” என்று கேட்பார் உண்டு. நாடகம் எழுதுபவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். சிரிப்பு சின்னப் பொருளல்ல. ஆணவத்தின் நெஞ்சில் பாயும் ஈட்டி அது. அதே சிரிப்பு, புண்ணை மறைக்கும் பூமாலையாகவும் ஆகும். ஈட்டியா, பூமாலையா என்பதே வழக்கு!

நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆல்ட்ரிச் படத்தில் ஈட்டி முனை இருக்கிறது. கைதிகள் ஈடுகொடுத்து ஆடக் கண்ட சிறைத் தலைவன் என்ன செய்கிறான்? இடைவேளையில் நாயகனை அழைத்து, “21 புள்ளியில் தோற்றுப்போ; மறுத்தால் கொலைக்கு உடந்தை என்று வழக்கு வரும்” என மிரட்டுகிறான். ஆட்டம் முடிந்தபின், கீழே கிடந்த பந்தை எடுக்க நடந்தவனைத் ‘தப்பி ஓடுகிறான், சுடு’ என்கிறான். காவலர் தலைவன் சுட மறுக்கிறான். விதியை எழுதியவனே, தோல்வி நெருங்கியதும் விதியைக் கிழிக்கிறான்! அதிகாரத்தின் முகத்தை அந்த அளவுக்குத் திரைநீக்கிக் காட்டியதற்குப் பாராட்டு உண்டு.

ஆனால், அந்தப் படத்தை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? ஜார்ஜியா மாநிலத்து ரீட்ஸ்வில் சிறையில்! 1960 அக்டோபரில், அட்லாண்டாக் கடையொன்றில் நிறவெறியை எதிர்த்து அமர்ந்து அறப்போர் புரிந்த மார்ட்டின் லூதர் கிங்கை, பழைய போக்குவரத்து வழக்கொன்றைச் சாக்கிட்டு, 4 மாதத் தண்டனை என்று சொல்லிக் கொண்டுபோய் அடைத்த சிறை அது! 1972இல், அங்கே நிலவிய கொடுமைகளையும் நிறப் பாகுபாட்டையும் எதிர்த்துக் கருப்பினக் கைதிகள் நீதிமன்றம் ஏறினார்கள். அவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே படக்கருவி உள்ளே நுழைந்தது. உண்மையான ஆட்டம் நீதிமன்றத்தில் நடந்தது. உலகம் கண்டதோ பொய்யான ஆட்டத்தை! 2022இல் அச்சிறை மூடப்பட்டுவிட்டது. படமோ இன்னும் ஓடுகிறது.

2005இல் ஆடம் சாண்ட்லரை வைத்து அக்கதையை மீண்டும் எடுத்தார்கள். ஈட்டி முனை மழுங்கியது, கிச்சுகிச்சு மிஞ்சியது. அதற்குக் களமாயிற்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் பழைய சிறை. நெரிசலும் நிர்வாகக் கேடும் முற்றி, 1980 பிப்ரவரியில் கலகம் வெடித்து, 33 கைதிகள் மாண்ட இடம் அது! பிணங்கள் விழுந்த மண்ணில் பந்து உருண்டது. அதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள்!

தோழர்களே, தனி மனிதன் ஒருவனின் கொடுமையோடு முடிகிற கதையல்ல இது. 1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்த அதே வாக்கியத்தில், குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் அது இருக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசல் வழியே புகுந்த ஜார்ஜியா அரசு, 1908 வரை கைதிகளை முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. சுரங்கத்திலும் செங்கற்சூளையிலும் அவர்கள் மாய்ந்தார்கள். இன்றும் அம்மாநிலச் சிறைகளில் பெரும்பாலான வேலைக்குக் கூலி கிடையாது. படத்தில் சதுப்பு நிலச் சேற்றில் கைதிகள் உழைக்கும் காட்சி வருகிறதே, அது கற்பனையா?

குற்றம் செய்தவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று வாதாட வரவில்லை. ஆனால், தண்டனை என்பது சுதந்திரத்தை இழப்பது. மனிதத் தன்மையை இழப்பதல்ல. ஒருநாள் ஆட்டத்தில் ஒரு புள்ளி தந்துவிட்டு, ஆண்டு முழுவதும் உழைப்பை அள்ளுவது நீதியாகாது.

ஆகவே, அடுத்த முறை அப்படத்தைக் காண்போர் சிரிக்கட்டும், தடையில்லை. சிரித்து ஓய்ந்தபின், வென்றவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும்: பந்து! தோற்றவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும்: சாவி! பந்து கைமாறுவது பொழுதுபோக்கு. சாவி கைமாறுவதே விடுதலை!