லைட்டைப் போட அமெரிக்காவைக் கேட்கணுமா?

2025 அக்டோபர் 20. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கம்ப்யூட்டர் மையத்தில் கோளாறு. அலெக்ஸா வாயடைத்துப் போனது. 'ரிங்' வாசல் கேமராக்கள் படுத்துக்கொண்டன. எய்ட் ஸ்லீப் கம்பெனியின் 'ஸ்மார்ட்' படுக்கையை ஆயிரக்கணக்கான டாலர் கொட்டி வாங்கியவர்களில் சிலர், சூட்டைக் குறைக்க வழியில்லாமல் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம்தான் அந்தக் கம்பெனி, நெட் இல்லாவிட்டாலும் புளூடூத்தில் இயங்க வழி செய்து கொடுத்தது. சில நாளில் செய்ய முடிந்த வேலை! முதலிலேயே ஏன் செய்யவில்லை?

சிரிக்காதீர்கள். நம் ஹாலுக்கு வரும் சரக்கில் பாதி இதே ஜாதிதான். 'லைட்டைப் போடு' என்று நீங்கள் சொன்னால், அது எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கே உத்தரவு வாங்கி, பத்தடி தள்ளியிருக்கும் பல்புக்குத் திரும்பி வருகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது இதுதான்.

நெட் போனால் பரவாயில்லை, திரும்பி வரும். கம்பெனி போனால்? ரிவால்வ் என்றொரு பெட்டி. விலை 300 டாலர், 'ஆயுள் சந்தா' உண்டு என்று விற்றார்கள். 2014-ல் கூகுளின் நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை இழுத்து மூடியது. பெட்டி செங்கல் ஆச்சு. ஆயுள் என்றார்களே, யாருடைய ஆயுள்? 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. 2020-ல் விங்க் கம்பெனி, 'இனிமேல் மாசம் 4.99 டாலர் கட்டு' என்றது.

காமர்ஸ் படித்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. விற்கும்போது ஒரே தடவை வரவு. சர்வருக்கோ மாசாமாசம் செலவு. இந்தக் கணக்கு எப்படி டேலி ஆகும்? ஒன்று, சந்தா கேட்பான். இல்லை, உங்கள் வீட்டுத் தகவலைக் காசாக்குவான். இல்லை, கடையை மூடுவான்.

ஆபீசிலிருந்தே மோட்டாரை நிறுத்தும் வசதி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கூடுதல் வசதியாக இருக்கட்டும். அதுவே அஸ்திவாரமாக இருக்கக்கூடாது. வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஹோம் அசிஸ்டென்ட் மாதிரி சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆக, முடியாத காரியமில்லை. மனசுதான் இல்லை.

பத்து ரூபாய் மாத்திரை அட்டையில் எக்ஸ்பைரி தேதி போடச் சட்டம் இருக்கிறது. சர்வர் எந்த வருஷம் வரை ஓடும் என்று இந்தப் பெட்டிகளிலும் போடச் சொல்ல வேண்டும்.

அதுவரை கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிட்டா இது எரியுமா சார்?" அவர் தலையைச் சொறிந்தால், பேசாமல் சாதா சுவிட்ச் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அது யாரையும் கேட்காமல் எரியும்.