கடை வாசலில் தொடங்கும் மனித உரிமைப் பாடம்

2022 செப்டம்பரில், நம் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினப் பிள்ளைகளை 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் ஒரு கடைக்காரர். காணொளி பரவியது. அவர் கைதானார், கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

மனித உரிமையைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? இந்தக் கடையிலிருந்தே தொடங்குவோம். "கையில் காசிருந்தும் உனக்கு மட்டும் மிட்டாய் இல்லை என்றால்?" என்று கேட்போம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அந்த வலி புரியும். சாதி, மதம் பார்த்துக் கடையில் யாரையும் தடுக்கக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவைப் பிறகு சொல்லலாம்.

சீசனுக்குக் குற்றாலம் போனால், அருவி யாரிடமும் சாதி கேட்பதில்லை என்று காட்டுவோம். ஆனால், வீட்டு வேலைக்கு வருபவருக்கு நாம் தனி டம்ளர் வைத்திருந்தால், பிள்ளை அந்த டம்ளரைத்தான் கற்றுக்கொள்ளும்.