முதல் வாரம் 'பிளாப்', முடிவில் 'ஹிட்': அனிமேஷன் படங்களின் வசூலை எப்படிப் படிக்கணும்?

2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் இருந்து வந்த வசூல் செய்திகளில் கிட்டத்தட்ட எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி இருந்தது. பிக்சார் நிறுவனத்தின் 'எலிமென்டல்' படம் ஊத்திக்கிச்சு!

மூன்று நாளில் அமெரிக்கா, கனடாவில் கிடைத்த வசூல் 2.96 கோடி டாலர், அதாவது சுமார் 240 கோடி ரூபாய். நமக்குப் பெரிய தொகையாகத் தெரியலாம். ஆனால் படத்தின் பட்ஜெட் 20 கோடி டாலர். விளம்பரச் செலவு தனி. 'டாய் ஸ்டோரி', 'ஃபைண்டிங் நீமோ' எடுத்த நிறுவனத்துக்கு இது அவமானம் என்றே பலரும் எழுதினார்கள்.

அதே வெள்ளிக்கிழமை 'தி ஃபிளாஷ்' என்ற சூப்பர் ஹீரோ படமும் வந்தது. அதன் முதல் வார வசூல் 5.5 கோடி டாலர். 'எலிமென்டல்' வசூலைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இப்போ கடைசிக் கணக்கைப் பாருங்க. அமெரிக்கா, கனடாவில் 'தி ஃபிளாஷ்' மொத்தமாக எடுத்தது 10.8 கோடி டாலர். 'எலிமென்டல்' எடுத்தது 15.4 கோடி. உலக அளவில் சுமார் 49.6 கோடி டாலர். தியேட்டர் வசூலிலேயே போட்ட காசு திரும்பி, கொஞ்சம் மிஞ்சவும் செய்யும் என்று பிக்சார் தலைவர் ஜிம் மோரிஸ் பிறகு சொன்னார். ஊத்திக்கிச்சு என்று மூன்றே நாளில் எழுதப்பட்ட படம் அது!

எங்கே தப்பு நடந்தது?

முதல் வார வசூல் என்றால் என்ன?

ஹாலிவுட்டில் 'ஓப்பனிங் வீக்கெண்ட்' என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு. வியாழன் மாலை காட்சிகள் போட்டால் அந்த வசூலையும் வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டுடியோக்கள் ஒரு எண்ணை வெளியிடும். கவனிங்க, அப்போது ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடிந்திருக்காது. அது மதிப்பீடுதான். உண்மையான கணக்கு திங்கட்கிழமை வரும். 2024 நவம்பரில் 'மோனா 2' படத்துக்கு ஐந்து நாள் வசூல் 22.1 கோடி டாலர் என்று ஞாயிறு அன்று சொன்னார்கள். திங்கட்கிழமை அது 22.5 கோடியைத் தாண்டியிருந்தது. ஆனால் உலகம் முழுக்கத் தலைப்பாவது ஞாயிற்றுக்கிழமை எண்தான். எங்கள் டெஸ்க்கும் விதிவிலக்கு இல்லை.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மவுசு? ரசிகர்கள் முட்டி மோதும் படங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். நம்ம ஊரில் முதல் நாள் முதல் காட்சிக்கு இருக்கும் வெறி அங்கே சூப்பர் ஹீரோ படங்களுக்கு உண்டு. சஸ்பென்ஸ் உடைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். அதனால் மொத்த வசூலில் பெரும் பங்கு முதல் மூன்று நாளிலேயே வந்துவிடும். 'தி ஃபிளாஷ்' மொத்தமாக எடுத்தது, முதல் வாரத்தைப் போல ரெண்டு மடங்கு கூட இல்லை.

குழந்தைகள் படம் ஏன் வேற மாதிரி?

டிக்கெட் எடுப்பது குழந்தை இல்லை. அப்பா, அம்மா. ரெண்டு பேருக்கும் லீவு இருக்கணும், குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்கணும், நாலு பேருக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்துக் கையில் காசும் இருக்கணும். 'இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் போகலாம்' என்பது எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சுதான். அஞ்சு வயசுக் குழந்தைக்கு ஸ்பாய்லர் பயமும் கிடையாது. சொல்லப்போனால் முடிவு தெரிந்த கதையைத்தான் அதுங்க திரும்பத் திரும்பக் கேட்கும்.

ரெண்டாவது காரணம் விடுமுறை. பள்ளி லீவு நாட்களில் திங்கள், செவ்வாய் கூட ஞாயிறு மாதிரிதான் ஓடும். இதற்குப் பெரிய உதாரணம் 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்'. 2022 கிறிஸ்துமஸ் வாரம் வெளியானது. அந்த நேரம் அமெரிக்காவில் கடும் பனிப்புயல் வேற. வெள்ளி முதல் ஞாயிறு வரை வெறும் 1.24 கோடி டாலர். முடிந்தது கதை என்றார்கள். ஆனால் விடுமுறை முழுக்க ஓடி, ஜனவரி ஓடி, பிப்ரவரியிலும் ஓடியது. அமெரிக்கா, கனடாவில் மட்டும் முடிவில் சுமார் 18.6 கோடி. முதல் வாரத்தைப் போல 15 மடங்கு!

மொத்த வசூலை முதல் வார வசூலால் வகுத்து வரும் இந்த மடங்கைத்தான் வர்த்தக வட்டாரத்தில் முக்கியமாகப் பார்ப்பார்கள். நம்ம தியேட்டர்காரர்கள் 'படம் பிக்கப் ஆயிடுச்சு' என்பார்களே, அதை எண்ணாகச் சொல்வது இது. 'தி ஃபிளாஷ்' படத்துக்கு 2 கூட வரவில்லை. 'எலிமென்டல்' படத்துக்கு 5.2.

கொரியாவில் நடந்த கதை

'எலிமென்டல்' இயக்குநர் பீட்டர் சோன், கொரியாவில் இருந்து அமெரிக்கா வந்த பெற்றோரின் மகன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் அவர்கள் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். படத்தின் நாயகி எம்பர் நெருப்பால் ஆன பெண். ஊர் விட்டு ஊர் வந்த அப்பா கஷ்டப்பட்டு வைத்த கடை. மகள் அதை எடுத்து நடத்துவாள் என்ற நம்பிக்கை. அவளுக்கோ அதில் மனசு இல்லை. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நம்ம வீடுகளிலும் கேட்கும் கேள்விதான்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது எம்பரின் அப்பா தன் தந்தையை மண்டியிட்டு வணங்குவார். அந்தத் தந்தை பதிலுக்கு வணங்க மாட்டார். கடைசியில் எம்பர் தன் அப்பாவை அதேபோல வணங்கும் இடத்தில்தான் பலர் அழுதுவிட்டார்கள். தென் கொரியாவில் இந்தப் படத்துக்குக் குழந்தைகளோடு இளைஞர் கூட்டமும் சேர்ந்து வந்தது. ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று வாரக்கணக்கில் ஓடியது. அங்கே மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. ஜூன் 18 தலைப்புகளில் இதைக் காட்டும் ஒரு எண் கூட இல்லை. இருக்கவும் முடியாது.

அப்போ எல்லாப் படமும் மெதுவா ஓடி ஜெயிச்சுடுமா?

இல்லை. இங்கேதான் சிக்கல்.

2025 ஜூன் 20-ல் வந்த பிக்சாரின் 'எலியோ' மூன்று நாளில் எடுத்தது 2.08 கோடி டாலர். பிக்சார் வரலாற்றிலேயே மிகக் குறைந்த தொடக்கம். 'எலிமென்டல்' மாதிரி இதுவும் எழுந்துவிடும் என்று பலர் காத்திருந்தார்கள். பார்த்தவர்களுக்குப் படம் பிடித்திருந்தது. தியேட்டர் வாசலில் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் அமைப்பில் ரெண்டு படத்துக்கும் ஒரே கிரேடு, 'ஏ'. ஆனால் 'எலியோ' உலக அளவில் சுமார் 15.4 கோடி டாலரோடு நின்றுவிட்டது. அதில் தியேட்டர்காரர்களின் பங்கு போக ஸ்டுடியோவுக்கு வருவது சுமார் பாதிதான்.

ஏன்? என் கணிப்பில் பெரிய காரணம் கூட்ட நெரிசல். மே மாதக் கடைசியில் 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்', ஜூன் 13-ல் 'ஹௌ டு டிரெய்ன் யுவர் டிராகன்'. ரெண்டுமே பெற்றோர் சின்ன வயசில் பார்த்த கார்ட்டூன்களை நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்த படங்கள். ஒரே மாதத்தில் ரெண்டு முறை குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனவர்கள், பெயரே கேள்விப்படாத மூன்றாவது படத்துக்குப் போவார்களா? 'கொஞ்ச நாள் பொறு, டிவியில் வரும்' என்று பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லப் பழக்கியதும் டிஸ்னிதான். கொரோனா காலத்தில் 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' மூன்றையும் அமெரிக்காவில் நேரடியாக டிஸ்னி பிளஸ்ஸில் கொடுத்தது.

ஒரு வேடிக்கை. 'எலியோ' தியேட்டருக்கு வந்த அதே நாளில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது 'கே-பாப் டீமன் ஹண்டர்ஸ்'. அதுவும் புதுக் கதைதான், அனிமேஷன்தான். நெட்ஃபிளிக்ஸில் இதுவரை அதிகம் பார்க்கப்பட்ட படமாக அது மாறியது. புதுக் கதை என்றாலே ஜனங்களுக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. தெரியாத கதைக்கு நாலு டிக்கெட் எடுக்கத்தான் யோசிக்கிறார்கள்.

தெரிந்த கதைக்கு அந்த யோசனை இல்லை. 2024 ஜூனில் 'இன்சைட் அவுட் 2' வெளியாகும் முன் 8 முதல் 9 கோடி டாலர் வரும் என்று கணித்தார்கள். வந்தது 15.4 கோடி! உலக அளவில் முடிவில் சுமார் 170 கோடி டாலர்.

நரசிம்மர் எழுந்த மூன்று நாள்

இந்தக் கணக்கு நம்ம ஊருக்கும் பொருந்துமா? 2025 ஜூலை 25-ல் வந்த 'மகாவதார் நரசிம்மா'வைப் பாருங்க. அஸ்வின் குமார் இயக்கம், பெரிய ஹீரோ இல்லை, முழுக்க அனிமேஷன். தமிழ் உட்பட அஞ்சு மொழிகள். தமிழில் அதே நாளில் 'தலைவன் தலைவி', 'மாரீசன்' ரெண்டும் போட்டிக்கு நின்றன. வர்த்தகக் கணக்குப்படி இந்தியாவில் முதல் நாள் சுமார் 1.75 கோடி ரூபாய். சனிக்கிழமை 4.6 கோடி. ஞாயிறு 9.5 கோடி. வெள்ளிக்கிழமையை மட்டும் பார்த்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ரெண்டாவது வார வசூல் முதல் வாரத்தை விட அதிகம். பக்திப் படம் என்பதால் தாத்தா, பாட்டி முதல் பேரன் வரை மொத்தக் குடும்பமும் வந்தது. உலக அளவில் 300 கோடி ரூபாயைத் தாண்டியதாகக் கணக்கிடப்படுகிறது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தலைப்பு தப்பானால் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மறுநாள் வேற செய்தி. ஆனால் அந்த மூன்று நாள் எண்ணை வைத்துத்தான் தியேட்டர்கள் ரெண்டாவது வாரம் எத்தனை காட்சி கொடுப்பது என்று முடிவு செய்யும். காட்சி குறைந்தால், மெதுவாக வரும் குடும்பத்துக்குப் படமே இருக்காது. அடுத்து எந்த மாதிரிப் படம் எடுப்பது என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. 'டாய் ஸ்டோரி', 'ஃப்ரோசன்', 'ஜூடோபியா' மூன்றுக்கும் அடுத்த பாகம் வரும் என்று 2023 பிப்ரவரியிலேயே டிஸ்னி அறிவித்துவிட்டது. 2024 மே மாதம் பிக்சார் தன் ஊழியர்களில் சுமார் 14 சதவீதம் பேரை, அதாவது 175 பேர் அளவில், வேலையை விட்டு அனுப்பியது. ஓடிடிக்கான தொடர்களைக் குறைத்து மறுபடி தியேட்டர் படங்களுக்கே திரும்புகிறோம் என்பது அதற்குச் சொன்ன காரணம். அடுத்த மாதமே வந்தது அந்த 170 கோடி டாலர் 'இன்சைட் அவுட் 2'.

அப்போ எந்த எண்ணைப் பார்க்கணும்?

ரெண்டாவது வாரம் வசூல் எவ்வளவு சரிந்தது என்று பாருங்க. முதல் வாரத்தில் விளம்பரம் கூட்டம் சேர்க்கும். அடுத்த வாரக் கூட்டம், பார்த்தவர்கள் பேசியதால் வருவது. பெரிய படங்களே ரெண்டாவது வாரம் பாதிக்கு மேல் சரிவது சகஜம். குடும்பப் படம் 40 சதவீதத்துக்குள் சரிந்தால் இன்னும் ஓடும் என்று அர்த்தம். 'எலிமென்டல்' சரிந்தது 38 சதவீதம். 'எலியோ' கிட்டத்தட்ட பாதி.