டிஜிட்டல் பேக் எந்த கேமராவில் உட்காரும்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு என்று நீளும் தோல் வட்டாரத்தில் ஒரு காலத்தில் படமெடுப்பவருக்குப் பெரிய வேலை இருந்ததில்லை. பதனிட்ட தோலை வாங்குபவருக்குத் துண்டு வெட்டி அனுப்பினால் போதும். தொட்டுப் பார்த்து விலை பேசுவார். 1970களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டபின் முழுப்பதன் தோல், ஷூ அப்பர், முழு ஷூ என்று தொழில் படியேறியது. ஷூவைத் துண்டு வெட்டி அனுப்ப முடியாது. படம் வேண்டும். அதில் தையல் தெரிய வேண்டும், தோலின் கிரெயின் தெரிய வேண்டும்.

இந்த வேலைக்காக ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் கேட்பது இதுதான்: அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ஃபிலிம் கேமராவுக்குப் பின்னால் செகண்ட்ஹேண்டில் ஒரு மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் பேக் வாங்கி மாட்டினால் வேலை முடியாதா? முடியும். ஆனால் ‘மாட்டுமா’ என்பது இதில் மிகச் சுலபமான கேள்வி. கஷ்டமான கேள்விகள் அதன்பிறகுதான் வரும்.

ஃபிலிம் சுருள் இருந்த பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் சென்சார், மின்னணுப் பலகை, பேட்டரி எல்லாம் அடங்கிய இன்னொரு பெட்டியை வைப்பதுதான் டிஜிட்டல் பேக். 1990களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் கொண்டுவந்த முதல் பேக்கில் 2048க்கு 2048 புள்ளிகள், சுமார் 40 லட்சம்தான். அதுவும் கறுப்பு வெள்ளைச் சென்சார். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் வழியாக மூன்று முறை எடுத்தால்தான் ஒரு வண்ணப்படம் கிடைக்கும். மணமக்களை வைத்து அப்படி எடுக்க முடியாது. மேசைமேல் வைத்த பொருள் அசையாது என்பதால் முதலில் விளம்பர ஸ்டூடியோக்களே அதை வாங்கின.

ஃபிலிம் பெட்டி தனியாகக் கழலும் கேமராவில் மட்டுமே பேக் உட்காரும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் உழைத்துத் தேய்ந்த யாஷிகா மேட், ரோலிஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களுக்குப் பின்னால் இருப்பது வெறும் கதவு. அவற்றுக்கு இந்த வழி கிடையாது. மாமியா சி330க்கும் அதே கதிதான். 1957இல் தொடங்கிய ஹாசல்பிளாட் 500 வரிசை, மாமியாவின் ஆர்பி67, ஆர்இசட்67, 645ஏஎஃப்டி, கான்டாக்ஸ் 645 ஆகியவற்றில் பேக் போடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மவுண்ட் வேறு. ஹாசல்பிளாட் 500க்கான மவுண்ட்டோடு வந்த பேக்கை 645ஏஎஃப்டியில் வைக்க முடியாது. ஆர்பி67, ஆர்இசட்67 போன்றவற்றுக்கு இடையில் ஒரு அடாப்டர் தகடு வேண்டும்.

மாட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அளவு. ஹாசல்பிளாட் 500இன் ஃபிலிம் சட்டகம் 56க்கு 56 மில்லிமீட்டர். இன்று அதிகம் புழங்கும் சென்சார் சுமார் 44க்கு 33. அதனால் 80 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 115 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். சதுரச் சட்டகத்தில் நெட்டுப்படம், படுக்கைப்படம் என்ற பேச்சே இல்லை. இப்போது நெட்டுப்படம் வேண்டுமானால் கேமராவையே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கும் வியூஃபைண்டரோடு அது பெரிய அவஸ்தை. பின்பகுதியை மட்டும் சுழற்ற முடிகிற ஆர்பி67இல் இந்தத் தொல்லை இல்லை.

ஷட்டர் எப்போது திறக்கிறது என்பது பேக்குக்குத் தெரிய வேண்டும். ஹாசல்பிளாட் தன் 500 வரிசைக்கென்று செய்த சிஎஃப்வி பேக்குகள் கேமராவின் பின்பக்க அசைவிலிருந்தே அதை அறிந்துகொள்கின்றன. மற்றவை பலவற்றுக்கு லென்ஸின் ஃபிளாஷ் துளையிலிருந்து ஒரு வயர் இழுக்க வேண்டும். அந்த வயர் இல்லாமல் விற்கப்படும் பேக் பாதி பேக்தான்.

பலரும் கவனிக்காமல் சறுக்கும் இடம் அடுத்தது. ரிஃப்ளெக்ஸ் கேமராவில் நாம் ஃபோகஸ் செய்வது மேலே உள்ள கண்ணாடித் திரையில். படம் விழுவது பின்னால் உள்ள சென்சாரில். லென்ஸிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால்தான் திரையில் கூர்மையாகத் தெரிவது படத்திலும் கூர்மையாக வரும். ஃபிலிம் காலத்தில் எஃப்/8இல் முன்னும் பின்னும் 0.4 மி.மீ. வரை தவறு பொறுத்துக்கொள்ளப்பட்டது. 5 கோடி பிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.0053 மி.மீ.தான். அதை முழுதாகப் பயன்படுத்த நினைத்தால் அந்தச் சலுகை சுமார் 0.08 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 1.2 மி.மீ. அப்பர் தோலைக் கேஜ் வைத்து அளந்து, இம்மி கூடினாலும் ஒதுக்கிவைக்கும் ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு சிறிய இடைவெளி என்று விளக்கத் தேவையில்லை. ஐம்பது வருடம் அடிபட்ட கேமராவின் கண்ணாடி அந்த அளவுக்கு நேராக நிற்கும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். 2014இல் சிமாஸ் சென்சார் பேக்குகள் வந்தபின் லைவ் வியூவில் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தைய சிசிடி பேக்குகளில் அந்த வசதி இல்லை, அல்லது பெயருக்கு இருந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று சிசிடி பேக் வாங்கத் துடிப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

சரி, ஷூவுக்கு வருவோம். 40 செ.மீ. அகலம் படத்துக்குள் வரும்படி ஒரு ஆண்கள் ஷூவை எஃப்/11இல் எடுத்தால், பிக்சல் அளவில் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 2 செ.மீ.தான். முக்கால் பக்கக் கோணத்தில் வைத்த ஷூவின் முன்மூக்குக்கும் குதிகாலுக்கும் இடையே 15 செ.மீ.க்கு மேல் ஆழம் இருக்கும். துளையை எஃப்/22க்குச் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மழுங்கும். வாங்கிய பிக்சலில் பாதி வீண். எனவே ஹாசல்பிளாட் 500இன் பின்னால் பேக்கை மாட்டுவது அழகான காரியம்தான். ஷூ படத்துக்கு அது சரியான விடை அல்ல.

சரியான இடம், பெல்லோஸ் வைத்த வியூ கேமரா. இதில் லென்ஸைத் தனியாகச் சாய்க்கலாம். சாய்த்தால் கூர்மையான தளமும் சாய்ந்து ஷூவின் பக்கவாட்டோடு படிந்துகொள்ளும். ஆஸ்திரிய ராணுவத்தைச் சேர்ந்த தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் தன் 1904 காப்புரிமையில் விவரித்த விதி இது. மூக்கு முதல் குதிகால் வரையுள்ள தையல் வரிசை எஃப்/11இலேயே ஒரே படத்தில் தெளிவாக வரும். ஷூவின் உள்வாய் அந்தத் தளத்துக்கு வெளியே நிற்கும் என்பதும் உண்மை. அதற்கு ஃபோகஸை நகர்த்தி இரண்டு மூன்று படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். 4×5 அங்குல வியூ கேமராவோடு வரும் 150 மி.மீ. லென்ஸை வைத்தால் கேமரா ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும். மூக்கு பெருத்துத் தெரியாது.

வியூ கேமரா லென்ஸ்களில் வழக்கமாக இருக்கும் கோப்பல் மெக்கானிக்கல் ஷட்டரின் உற்பத்தி நின்றுவிட்டது. பேக்கின் எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பலாம், ஆனால் அது வரி வரியாகப் படிப்பதால் ஃபிளாஷ் சரிப்படாது. அணையாமல் எரியும் விளக்கு வேண்டும். ஷூ ஓடப்போவதில்லையே!

இரண்டு எச்சரிக்கைகள். இந்த பேக்குகளில் பெரும்பாலும் மென்மையாக்கும் வடிகட்டி கிடையாது. லைனிங் துணியிலும் ஸ்போர்ட்ஸ் ஷூவின் மெஷ்ஷிலும் இல்லாத வண்ணக் கோலம் படரும். இன்னொன்று நிறம். கடுக்காய், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. தோலின் வெளிர்பழுப்பை மட்டமான எல்இடி விளக்கு பச்சையாகவோ சாம்பலாகவோ காட்டிவிடும். எத்தனை கோடி பிக்சலும் அதைத் திருத்தாது. வண்ண அட்டை வைத்து எடுங்கள். அப்போதும் வாங்குபவர் கையெழுத்திட்ட தோல் துண்டுதான் நிறத்துக்குச் சாட்சி.

பேக்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2017இல் வந்த ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் கேமராவிலும் அதே 44க்கு 33 சென்சார்தான். அடாப்டர் வைத்து அதை வியூ கேமராவின் பின்னால் மாட்டலாம். அகலக்கோண லென்ஸுக்கு அது இடம் கொடுக்காது, 150 மி.மீ.க்குத் தாராளமாகக் கொடுக்கும். லைவ் வியூ உண்டு, வயர் தொல்லை குறைவு. மேசைமேல் ஷூவும் பையும் மட்டுமே எடுப்பவருக்கு என் தீர்ப்பு இதுதான். பழைய ஹாசல்பிளாட்டையும் விடமுடியாது என்பவர்கள் சிஎஃப்வி வரிசைக்குப் போகலாம்.

எதை வாங்கினாலும் முன்பணம் கொடுப்பதற்குமுன் உங்கள் கேமராவையும் ஒரு கறுப்பு ஷூவையும் விற்பவரிடம் எடுத்துப்போங்கள். மாட்டி, எடுத்து, கணினியில் நூறு சதவீதத்தில் தையலைப் பாருங்கள். பழைய பேக் என்றால் அதன் ஃபயர்வயர் கேபிள் செருக உங்கள் கணினியில் இடம் இருக்கிறதா, பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.