பாதியில் நிற்கும் வைத்தியம்

நன்றாக இருந்த பையன் தூங்குவதில்லை. பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். யாருடனும் பேசுவதில்லை.

தாயார் முதலில் மந்திரிக்கச் சொல்கிறாள். பிறகு கோயில். அதன் பிறகே மனநல டாக்டர்! அவரிடமும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. "பத்து நாள் மாத்திரை சாப்பிட்டும் குணம் இல்லையே" என்று நிறுத்தி விடுகிறார்கள்.

காய்ச்சல் மாத்திரையைப் போன்றது அல்ல இது. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். தெளிந்த பிறகும் பல மாதம் சாப்பிட வேண்டும். மாத்திரை இல்லாமல், பேசியே குணப்படுத்துவதும் உண்டு. அதற்கும் வாரா வாரம் போக வேண்டும்.

பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கு மனநோய் இருந்தது. தெருவுக்கு ஒரு பிள்ளையாவது இருக்கும்.

பெற்றோரைத் திட்டிப் பயன் இல்லை. திருப்பூரில் பலருக்குப் பீஸ் ரேட். தைத்தால்தான் கூலி. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவது காலையில். பனியன் கம்பெனி திறப்பதும் காலையில். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு. அன்று புறநோயாளிப் பிரிவுக்கும் லீவு!

மில் விடுதிப் பெண்களின் பாடு இன்னும் கஷ்டம். வயது பதினாறு, பதினேழு. தாய் தகப்பன் தேனியிலோ ஒடிசாவிலோ இருப்பார்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்தவருக்காக முடிவு செய்ய வேண்டியவர் அவர்கள்தான். விடுதி வார்டன் அல்ல. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று அனுப்பி விட்டால், தொடங்கிய வைத்தியமும் அதோடு போயிற்று.

இன்னொன்று. டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? வாய் திறக்காத பிள்ளை மறு தடவை வராது.

2022-ல் மத்திய அரசு தொடங்கிய 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம். நல்ல ஏற்பாடு. ஆனால், மாதக்கணக்கில் கூட இருந்து குணமாக்கும் டாக்டருக்கு டெலிபோன் ஈடாகாது.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்தது. அதன் ஆஸ்பத்திரியில் இளம் வயதினருக்கு ஞாயிறுதோறும் மனநலப் பிரிவு நடத்த வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு மறுநாளே போன் செய்ய ஓர் ஆள் வேண்டும். இடையில் டாக்டர் வரச் சொன்னால், அரை நாள் கூலியைக் கம்பெனி பிடிக்கக்கூடாது.