கண்ணாடிக்கு அந்தப் பக்கம்



மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். டாக்டர் பரிசோதிக்கும்போது கட்டிலைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நிற்பார்கள். வயிற்றுவலியைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். 'பாவம், இந்தப் பிள்ளைகளும் எங்கேதான் கற்றுக்கொள்ளும்!' என்று நாமே சமாதானமாகிவிடுவோம்.

வயிற்றுவலி என்றால் சரி. மாமியார் மருமகள் மனத்தாங்கல், நாலு மாதமாக அப்பாவிடம் முகம்கொடுத்துப் பேசாத மகன்... இதையெல்லாம் சொல்லப்போகும் கவுன்சலிங் அறையிலும் நாலு பேர் கவனித்தால்?

குடும்ப சிகிச்சை கற்றுத்தரும் பல மையங்களில் இப்படித்தான் நடக்கிறது. ஓர் அறையில் குடும்பமும் தெரபிஸ்ட்டும். சுவரில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம், விளக்கணைத்த அறையில், மூத்த தெரபிஸ்ட்களும் பயிற்சி மாணவர்களும். மைக் வழியாக அவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

எதற்கு இத்தனை பேர்? ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா! அம்மா அழ, அப்பா குரலை உயர்த்த, மகள் மட்டும் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருப்பாள். பேசிக்கொண்டிருக்கும் தெரபிஸ்ட் அதைக் கவனிக்காமல் விடலாம். அவருக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்தும் போகலாம். பின்னால் இருப்பவர்கள் அவரை நடுவில் வெளியே கூப்பிட்டு, 'அந்தப் பெண்ணிடமும் கேளுங்களேன்' என்று சொல்லி அனுப்புவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இருட்டு அறையில் நம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு புது விடை 1985 மார்ச்சில், நார்வேயின் வடபகுதியில் உள்ள ட்ரொம்சோ நகரில் கிடைத்தது. இளம் தெரபிஸ்ட் ஒருவர், துவண்டுபோன ஒரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பின்னால் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சனும் குழுவினரும். இளைஞரைப் பலமுறை வெளியே அழைத்து, நம்பிக்கை தரும் கேள்விகளைச் சொல்லி அனுப்பினார்கள். உள்ளே போனதும் அவரும் சோகத்திலேயே மூழ்கிவிட்டார்.

கடைசியில் ஆண்டர்சன் குழு, 'நாங்கள் பேசுவதைக் கொஞ்சம் கேட்கிறீர்களா?' என்று குடும்பத்திடமே கேட்டது. அவர்கள் சம்மதித்தார்கள். இந்த அறை விளக்கு அணைந்தது, அந்த அறை விளக்கு எரிந்தது. மைக்கும் திசை மாறியது.

குழுவுக்குள் ஒரு பயம் இருந்தது. நம் வாயில் ஏதாவது எசகுபிசகாக வந்துவிட்டால்? ஏனென்றால், கண்ணாடிக்குப் பின்னால் தாங்கள் எப்படிப் பேசுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அன்று அப்படி எதுவும் வரவில்லை. கேட்கிறார்கள் என்றதும் வார்த்தைகள் தாமாகவே பக்குவப்பட்டுவிட்டன. மறுபடி விளக்கு மாறியபோது, குடும்பத்தினரின் பேச்சிலும் தெம்பு வந்திருந்தது.

இன்று இது பல நாடுகளில் ஒரு சிகிச்சை முறை. தீர்ப்புச் சொல்லாமல், 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்றுதான் குழுவினர் பேசவேண்டும். அதற்குப் பிறகு, கடைசி வார்த்தை குடும்பத்துக்கு.

நீங்களோ உங்கள் வீட்டாரோ பயிற்சி மையம் ஒன்றுக்குப் போக நேர்ந்தால், தயங்காமல் கேளுங்கள்: யார் கவனிப்பார்கள்? வீடியோ எடுப்பார்களா? அதை யார் பார்ப்பார்கள்? பிடிக்கவில்லையா, 'வேண்டாம்' என்று சொல்லலாம். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விஷயம் ரகசியமாகக் காக்கப்படுவது, நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கும் உரிமை. சரி என்று சொல்வதும் நல்லதே. நாளை இன்னொரு குடும்பத்துக்குக் கைகொடுக்க ஒருவர் தயாராவார்.

'பகலில் பக்கம் பார்த்துப் பேசு' என்பார்கள் நம் பெரியவர்கள். யாராவது கேட்டுவிடப்போகிறார்கள் என்ற எச்சரிக்கை அது. ட்ரொம்சோவில் அதையே திருப்பிப் போட்டார்கள்: கேட்டால்தான் என்ன, கேட்கும்படியாகப் பேசுவோமே!

நம் வீடுகளில் அந்தக் கண்ணாடி இல்லை. மகள் பக்கத்து அறையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருக்க, 'இவளுக்குக் கணக்கு ஏறவே ஏறாது' என்று போனில் அக்காவிடம் சொல்கிறோம். கதவு பாதி திறந்துதான் இருக்கிறது.

உங்களுக்குச் சொல்வானேன்? இதழுக்கு வரும் கதைகளை அலசும்போது எங்கள் மேசையிலும் கிண்டல் பறக்கும். போன வாரம் ஒரு கதையைப் படித்துவிட்டு வாயைத் திறந்தேன். எழுதியவர் எதிர் நாற்காலியில் இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தில் அந்தப் பாட்டி வரும் இடம் நன்றாகத்தான் இருந்தது. முதலில் அதைச் சொன்னேன்.

அன்புடன்,
ஆசிரியர்